சிவாஜி செய்தது ஓவர் ஆக்டிங்கா? மேடை நடிப்பும் திரை நடிப்பும்: ஓர் எளிய அறிமுகம்

இருபது வயதுக்காரர் ஒருவருக்குப் பழைய சிவாஜி படம் ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள். பத்து நிமிடத்துக்குள் "ரொம்ப ஓவரா பண்றாரே" என்பார். பக்கத்தில் அறுபது வயது ரசிகர் ஒருவர் இருந்தால் அன்று வீட்டில் சண்டைதான். அந்தச் சண்டையில் இரண்டு பேருமே கேட்க மறந்துபோகும் கேள்வி ஒன்று உண்டு. இந்த நடிப்பு எவ்வளவு தூரத்தில் இருப்பவருக்காகச் செய்யப்பட்டது? நடிப்பைக் கவனித்துப் பார்க்கத் தொடங்குபவர் முதலில் பழக வேண்டியது இந்தத் தூரக் கணக்கைத்தான். நான் சிவாஜி ரசிகன், அதை ஒளிக்கப் போவதில்லை. இருந்தாலும் கணக்கு கணக்காகவே இருக்கட்டும்.

தூரம் ஒரு நடிகரை என்ன பாடுபடுத்தும் என்று தெரிந்துகொள்ளத் தெருக்கூத்தைவிட நல்ல இடம் இல்லை. காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்து ஊர்களில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தில் கர்ணனும் துரியோதனனும் அகலமான கிரீடத்தோடும், தோளைத் தாண்டி விரியும் புஜகீர்த்தியோடும்தான் களத்துக்கு வருவார்கள். முகம் முழுக்க அரிதாரம். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், ஐம்பதடி தள்ளிப் பாயில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு நடிகரின் புருவம் துடிப்பது தெரியாது. தோள் குலுங்குவது தெரியும், சலங்கைக் கால் தரையில் அறைவது கேட்கும். அதனால் கோபத்தைப் புருவத்திலிருந்து தோளுக்கும் காலுக்கும் இறக்கிவிட்டார்கள். அங்கே எந்தப் பாட்டியும் "கொஞ்சம் அடக்கி வாசிப்பா" என்று சொன்னதாகக் கேள்வியில்லை.

கம்பெனி நாடகத்துக்கும் இதே பிரச்சினைதான், அங்கே பாரம் குரலின் தலையில் விழுந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது மைக் என்ற பேச்சே இல்லை. பையன்களைக் கொண்டே நடத்தப்பட்ட இத்தகைய பாய்ஸ் கம்பெனிகளில் முதல் பாடமே கடைசி வரிசைவரை சொல் தேயாமல் போய்ச்சேர வேண்டும் என்பது. எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல், முப்பது வயதைத் தொடும் முன்பே இறந்துபோனார். இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்கிறார்கள் என்றால், கொட்டகையின் கடைக்கோடியை எட்டிய அந்தக் குரல்தான் காரணம். பிறகு மேடைக்கு மேலே மைக் தொங்க ஆரம்பித்தது. அதோடு வேறொரு வியாதியும் வந்தது. எல்லோரும் மைக்குக்குக் கீழே வந்து நின்று வசனம் சொல்லிவிட்டு நகர்ந்துகொள்வார்கள். சபா நாடகங்களில் பாதியை இன்றும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிடலாம்.

சிவாஜி கணேசன் வளர்ந்தது இந்தப் பள்ளியில். 1928இல் பிறந்தவர். சிறுவனாக இருக்கும்போதே கட்டபொம்மன் கூத்தைப் பார்த்து மயங்கி நாடகக் கம்பெனியில் போய்ச் சேர்ந்தவர். பெண் வேடம் கட்டினார், கிடைத்த வேடத்தையெல்லாம் கட்டினார். அண்ணாவின் 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் சத்ரபதி வேடம் போட்ட கணேசனுக்கு 'சிவாஜி' என்று பெயர் கொடுத்தவர் பெரியார். 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி' வெளியானபோது அவருக்கு வயது 24. சினிமாவுக்குப் புதுமுகம், மேடையில் பழுத்த கை. ஏவி.எம். ஸ்டுடியோவில் கேமரா முன் அவர் பேசிய முதல் சொல் 'சக்சஸ்' என்பதை எந்த சிவாஜி ரசிகரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

மேடை அவருக்குக் கொடுத்தனுப்பிய சொத்தில் குரலைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். நான் காலைப் பற்றிச் சொல்கிறேன். மேடையில் நிற்பவர் உச்சி முதல் பாதம்வரை எப்போதும் தெரிந்துகொண்டே இருப்பார். முகம் மட்டும் நடித்துக் கால் சும்மா நின்றால் ஊமைக் கால் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். சினிமாவிலோ மிட் ஷாட் வைத்தால் இடுப்புக்குக் கீழே ஆளே இல்லை. அதனால்தான் சினிமாவிலேயே பிறந்து வளர்ந்த நடிகர்கள் பலருக்கு எல்லாப் படத்திலும் ஒரே நடை. சிவாஜிக்கு வேடத்துக்கு ஒரு நடை. 'திருவிளையாடல்' (1965) படத்தில் மீனவனாக வரும் சிவபெருமான் கடற்கரையில் நடப்பார், வேறொன்றும் செய்யமாட்டார். வெறும் நடைக்குத் தியேட்டரில் கைதட்டல் விழுந்தது. அந்தக் காட்சியை எடுத்தவர்கள் கேமராவைத் தள்ளிவைத்து முழு உருவத்தையும் காட்டினார்களே, அதற்கு ஒரு கும்பிடு போட வேண்டும்.

இனி கேமராவின் பக்கம்.

குளோசப் என்பது பார்ப்பவரை நடிகரின் மூக்குக்கு எதிரே கொண்டுபோய் உட்காரவைக்கும் வேலை. இருபதடி உயரத் திரையில் ஒரு முகம் மட்டும் நிறைந்திருந்தால் கண்ணிமை கதவளவு பெரிதாகிவிடுகிறது. மேடையில் ஒரு கை வீச்சு செய்த வேலையை இங்கே இமையின் ஒரு சிறு தயக்கம் செய்துவிடும். கை வீச்சை அப்படியே இங்கே கொண்டுவந்தால் எதிரில் இருப்பவர் முகத்தில் அடிக்கிற மாதிரி இருக்கும். 'ஓவர்' என்று நாம் சொல்வதில் பெரும்பாலானது இந்தத் தூரப் பிசகுதான். நடிப்பு ஒரு தூரத்துக்கு அளவெடுத்தது, கேமரா நின்றது வேறு தூரத்தில்.

தூரம் மட்டும் மாறியிருந்தால் சமாளித்துவிடலாம், நேரமும் மாறிப்போகிறது. நாடகத்தில் மணி அடித்துத் திரை தூக்கினால் கடைசிவரை நிற்காத ஓட்டம். முதல் காட்சியின் சிரிப்பும் இடைக் காட்சியின் எரிச்சலும் சேர்ந்துதான் கடைசி அழுகைக்குத் தண்ணீர் ஊற்றும். சினிமாவில் அந்த வசதி கிடையாது. லொகேஷன் கிடைத்த நாளில் அப்பா சாகும் காட்சியை எடுப்பார்கள், மூன்று வாரம் கழித்து அதே அப்பா பெண் பார்க்கப் போகும் காட்சியை எடுப்பார்கள். ஒரே காட்சியைக்கூட ஒரே மூச்சில் எடுப்பதில்லை. முதலில் காட்சி முழுவதையும் தள்ளி நின்று எடுக்கும் மாஸ்டர் ஷாட், பிறகு இவருடைய தோள் வழியாக ஒரு சஜஷன், அவருடைய தோள் வழியாக ஒன்று, அதன்பின் லைட்டை மாற்றிக் குளோசப். நடுவில் சாப்பாட்டு பிரேக் வந்துவிடும்.

ஒரு காபி டம்ளரை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா மகனிடம் "உன் விருப்பம்" என்று சொல்லிவிட்டுக் காபியை ஒரு வாய் குடிக்கிறார். மாஸ்டரில் 'விருப்பம்' என்ற சொல் முடிந்தபின் டம்ளரை எடுத்தார் என்றால், நாலு மணி நேரம் கழித்து எடுக்கும் குளோசப்பிலும் அதே சொல்லுக்குப் பின்தான், அதே கையால்தான் எடுக்க வேண்டும். 'உன்' என்றபோதே எடுத்துவிட்டால் எடிட்டிங்கில் ஒட்டாது. கன்டினியூட்டி என்று உதவி இயக்குநர் நோட்டும் கையுமாக அலைவது இதற்குத்தான். இந்தக் கணக்கையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, தரையில் ஒட்டிய டேப்புக்கு அந்தப் பக்கம் கால் போகாமல், முகத்தில் விழும் லைட்டைத் தவறவிடாமல், மகன் மேல் வருத்தமும் பட வேண்டும். மகனாக நடிப்பவர் அந்த நேரத்தில் கேரவனில் இருந்தாலும் இருப்பார், கேமராவுக்குப் பக்கத்தில் யாரோ ஒருவர் அவர் வசனத்தைப் படித்துக்கொண்டிருப்பார். மேடைக்காரர்கள் சினிமா நடிப்பை லேசாகப் பேசும்போது எனக்கு இந்த டம்ளர்தான் ஞாபகத்துக்கு வரும்.

இத்தனை செய்தாலும் கடைசி வார்த்தை எடிட்டருடையது. ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்யாவில் லெவ் குலஷோவ் என்ற இயக்குநர் ஒரு சோதனை செய்தார். ஒரு நடிகரின் சலனமில்லாத முகத்தை எடுத்துக்கொண்டு, ஒருமுறை சூப் கிண்ணத்துக்கு அடுத்து, ஒருமுறை சவப்பெட்டிக்கு அடுத்து என்று வெவ்வேறு படங்களோடு ஒட்டிக் காட்டினார். பசியைக் காட்டிய விதம் பிரமாதம், துக்கத்தைக் காட்டிய விதம் பிரமாதம் என்று பார்த்தவர்கள் மெச்சினார்கள் என்பார்கள். முகம் என்னவோ ஒன்றேதான். இன்றைக்குப் பல ஹீரோக்களின் 'அண்டர்ப்ளே' எந்தக் கணக்கில் ஓடுகிறது என்று இதிலிருந்து நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். சும்மா இருப்பதும் அடக்கமாக நடிப்பதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும்.

மேடையில் எடிட்டர் இல்லை. அங்கே கத்தரிக்கோல் பார்வையாளர் கையில். எம்.ஆர். ராதா திருவாரூர் தங்கராசு எழுதிய 'ரத்தக்கண்ணீர்' நாடகத்தை நடத்தியபோது, கூட்டத்திலிருந்து வரும் சத்தத்துக்கும் அன்றைய செய்திக்கும் மேடையிலேயே பதில் வைப்பார். நேற்றுப் பார்த்த நாடகம் இன்று அப்படியே இருக்காது. 1954இல் அது படமானபோது அந்த விளையாட்டு நின்றுபோய், ஒரே ஒரு நாளின் ராதா மட்டும் நமக்குக் கிடைத்தார். நமக்கு அதுவே பெரிய வரவு: கரகரப்பிலிருந்து கீச்சுக்கு ஒரே வாக்கியத்துக்குள் தாவும் அந்தக் குரலை வைத்து, கதாநாயகன் மோகனசுந்தரத்தின் திமிரையும் அழிவையும் அவர் காட்டும் விதத்தில் அளவு என்று ஒன்று இருப்பதாகவே தெரியாது. அது பெரிய நடிப்புத்தான். எந்த வரியும் வீண் போகவில்லை. நாகேஷுக்கு வேறு சிக்கல். பாலசந்தரின் 'சர்வர் சுந்தரம்' மேடையில் ஓடியபோது சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அடுத்த வரியைப் போடலாம். 1964இல் கிருஷ்ணன்-பஞ்சு அதைப் படமாக எடுத்தபோது ஸ்டுடியோ ஃப்ளோரில் சிரிக்க ஆளில்லை. தியேட்டரில் எவ்வளவு நேரம் சிரிப்பார்கள் என்று மனசுக்குள் ஊகித்துத்தான் நடிக்க வேண்டும். ஊகம் குறைந்தால் அடுத்த ஜோக் கைதட்டலில் முங்கிவிடும், கூடினால் படத்தில் ஓட்டை விழும்.

சரி, சிவாஜி விஷயத்துக்கு வருவோம். அவருக்குச் சின்னதாக நடிக்கவே தெரியாது என்பவர்களுக்கு நான் காட்டும் படம் 'கௌரவம்' (1973). இதுவும் நாடகத்திலிருந்து வந்ததுதான். ஒய்.ஜி. பார்த்தசாரதியின் யு.ஏ.ஏ. குழு போட்ட 'கண்ணன் வந்தான்', எழுதியவர் 'வியட்நாம் வீடு' சுந்தரம், படத்தை இயக்கியதும் அவரே. பாரிஸ்டர் ரஜினிகாந்த், அவர் வளர்த்த தம்பி மகன் கண்ணன், இரண்டு வேடமும் சிவாஜி. பெரியப்பா பைப்பைக் கடித்தபடி பேசுவார், தாடை எப்போதும் கொஞ்சம் தூக்கியே இருக்கும், அறைக்குள் வந்தால் அறையே அவருக்கு இடம் விட வேண்டும். கண்ணன் தோளை ஒடுக்கி, குரலை இறக்கி, சொல்ல வந்ததில் பாதியை விழுங்கிவிடுவார். கோர்ட்டில் இரண்டு பேரும் எதிரெதிரே வாதாடும்போது ஒரே சட்டகத்தில் பெரிய நடிப்பும் சிறிய நடிப்பும் நேருக்கு நேர் நிற்கின்றன, இரண்டும் ஒரே ஆளிடமிருந்து. பாரிஸ்டரின் ஆர்ப்பாட்டம் நடிகரின் பழக்கமாக இருந்தால் கண்ணனுக்கும் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டவில்லை. ஆக, அது அந்த மனிதரின் குணம். ஊரே தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பிலேயே வாழும் மனிதர் அவர், சொந்த வாழ்க்கையிலேயே மேடைபோட்டு நிற்பவர். அவரை அடக்கமாக நடித்தால்தான் தப்பு. இன்னொன்றும் உண்டு. நாடகத்தில் பிறந்த கதைதான், ஆனால் ஒரே நடிகர் தன்னையே எதிர்த்து வாதாடும் இந்தக் காட்சியை எந்த மேடையும் தர முடியாது. எதிரில் ஆளே இல்லாமல், முதல் வேடத்தில் எங்கே நிறுத்தினோம் என்ற நினைவை மட்டும் வைத்துக்கொண்டு அவர் நடித்தது அது.

இரண்டாவது சாட்சி 'தில்லானா மோகனாம்பாள்' (1968). 'நலந்தானா' பாட்டில் மோகனா (பத்மினி) ஆடுகிறாள், பாட்டின் வரியாலேயே நாகஸ்வர வித்வான் சண்முகசுந்தரத்தின் (சிவாஜி) காயத்தை விசாரிக்கிறாள். பத்மினிக்கு முத்திரை இருக்கிறது, பாட்டு இருக்கிறது, மேடை முழுவதும் இருக்கிறது. சிவாஜிக்கு என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வாயில் நாகஸ்வரச் சீவாளி, பேச முடியாது. பத்து விரலும் குழலில், கையை ஆட்ட முடியாது. எழுந்திருக்கவும் முடியாது. நாகஸ்வர ஒலி மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது, அந்த வாசிப்புக்கு விரலும் கன்னமும் ஒத்துப்போக வேண்டும். மிச்சம் இருப்பது இரண்டு கண். அவள் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் அந்தக் கண்ணிலிருந்து பதில் போகிறது: தாங்குகிறேன், வலிக்கிறது, நீ அழாதே. மேடையில் இதைச் செய்திருந்தால் ஐந்தாம் வரிசைக்கு மேல் யாருக்கும் தெரிந்திருக்காது. கூத்தைப் பார்த்து நடிக்க வந்த மனிதர் குளோசப்பை எவ்வளவு சரியாகப் புரிந்துவைத்திருந்தார் என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்.

இதை வைத்துக்கொண்டு எல்லாப் படத்துக்கும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். எழுபதுகளின் பிற்பகுதிப் படங்கள் சிலவற்றில் கேமரா விடாமல் முகத்தை நோக்கி ஜூம் அடித்துக்கொண்டே இருக்கும், அவரோ கட்டபொம்மனுக்குப் பிடித்த சுருதியை ஒரு குடும்பத் தலைவருக்குப் பிடித்துக்கொண்டிருப்பார். உணர்ச்சி முதலில் வந்து நிற்கும், அதற்கான காரணம் பின்னால் மூச்சிரைக்க ஓடிவரும். எதிரில் இருப்பவர் சொன்னதற்குப் பதிலாக நடிக்காமல், கைதட்டப் போகிறவருக்காக நடிப்பது தெரிந்துவிடும். ஓவர் ஆக்டிங் என்ற சொல்லை நான் இதற்கு மட்டும்தான் செலவழிப்பேன். சத்தமாக நடிப்பதும் ஓவர் ஆக்டிங்கும் வேறு வேறு. முணுமுணுத்துக்கொண்டே ஓவர் ஆக்டிங் செய்கிறவர்கள் இன்றைக்கும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அதே சிவாஜி 1985இல் பாரதிராஜாவின் 'முதல் மரியாதை'யில் வேறு அளவில் வந்து நின்றார். 1992இல் பரதன் இயக்கி, கமல்ஹாசன் எழுதிய 'தேவர் மகன்' வந்தது. மகன் ஊரில் தங்காமல் சென்னையில் தொழில் தொடங்கப் போவதாகச் சொல்கிறான். பெரிய தேவராக வரும் சிவாஜி பேசும் அந்தக் காட்சியில் குரல் உயரும் இடங்களைவிட, அவர் கேட்டுக்கொண்டிருக்கும் இடங்களைப் பாருங்கள். முகத்தில் சதை அசையாமலேயே ஏமாற்றம் இறங்கும். அந்தப் படத்தில் இன்னொரு சங்கதி, ரசிகர்களுக்கு மட்டும் தித்திப்பது: பெரிய தேவரோடு பகை பாராட்டும் சின்னத் தேவராக வருபவர் காக்கா ராதாகிருஷ்ணன், பாய்ஸ் கம்பெனிக் காலத்திலிருந்து சிவாஜிக்குக் கூட்டாளி. ஒரே பட்டறையில் அடி வாங்கிய இரண்டு பையன்கள், முதுமையில், கேமராவுக்கு முன்னால்.

மேடைப் பயிற்சி இருந்தால் எல்லாம் பெரிதாகத்தான் வரும் என்ற எண்ணத்தைக் கூத்துப்பட்டறை ஏற்கெனவே உடைத்துவிட்டது. ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய குழு அது. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் எல்லாம் அங்கிருந்து வந்தவர்கள், விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். 'சார்பட்டா பரம்பரை'யில் (2021) ரங்கன் வாத்தியாராக வரும் பசுபதி குத்துச்சண்டை மேடைக்கு ஓரமாக நிற்கும்போது முதுகுத்தண்டைக் கவனியுங்கள். சண்டை யார் பக்கம் சாய்கிறது என்பதை அந்த முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம். பயிற்சி கொடுத்தது மூச்சையும் உடம்பையும். அளவை அவர் கேமராவைப் பார்த்து முடிவு செய்துகொண்டார்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு இரண்டு வழி சொல்கிறேன். பிடித்த காட்சியைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். வசனமும் பின்னணி இசையும் நடிகருக்குக் கொடுத்துவந்த முட்டு எவ்வளவு என்பது தெரிந்துவிடும். பிறகு அதே காட்சியில் பேசுகிறவரை விட்டுவிட்டுக் கேட்கிறவரை மட்டும் பாருங்கள். நல்ல நடிகர் தன் முறை வரும்வரை காத்திருக்க மாட்டார், ஒவ்வொரு சொல்லும் அவர்மேல் விழுவது தெரியும். சாவித்திரியை இப்படிப் பார்க்க ஆரம்பித்தால் மீளவே முடியாது. 'மாயா பஜார்' (1957) படத்தில் கடோத்கசன், சாவித்திரி நடித்த வத்சலாவின் உருவம் எடுத்து வருவான். எஸ்.வி. ரங்காராவின் கடோத்கசனை அவர் எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்து வைத்திருந்தார் என்பது, மணப்பெண் கோலத்துக்குள்ளிருந்து அந்த ராட்சச மிடுக்கு எட்டிப் பார்க்கும்போது புரியும்.

படங்களின் வரிசையும் முக்கியம். சிவாஜியை அறிமுகப்படுத்துகிறேன் என்று 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) படத்தை முதலில் போடுவது எங்கள் ஆட்கள் வழக்கமாகச் செய்வது. அது சிவாஜி நாடக மன்றம் மேடையில் போட்ட நாடகம், வசனம் சக்தி கிருஷ்ணசாமி, 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கப் படவிழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கித் தந்த படம், எல்லாம் உண்மை. இருந்தாலும் தூரக் கணக்கு பழகாத கண்ணுக்கு அது கனம். 'தேவர் மகனி'ல் தொடங்கி, 'தில்லானா மோகனாம்பா'ளுக்குப் போய், பிறகு 'கௌரவம்', கடைசியாகக் கட்டபொம்மன் என்று வாருங்கள். அந்தப் படத்தை மட்டும் போனில் பார்க்காதீர்கள், வீட்டில் இருப்பதிலேயே பெரிய திரையில் போட்டுவிட்டு அறையின் மறுகோடியில் போய் உட்காருங்கள்.